அசையாமல் ஒரு நிமிடம்

அந்தப் பலகை குட்டியின் எடைக்குச் சத்தம் போடாது.

அவர்கள் வீட்டு மாடி அறையில், துணி அலமாரிக்கு முன்னால் கிடக்கும் அகலமான தரைப்பலகை அது. பெரியவர்கள் யாராவது கால் வைத்தால் முதலில் ‘க்ர்ர்’ என்று ஒரு முனகல். காலை எடுத்தால் ‘டக்’ என்று ஒரு சின்ன அதட்டல். குட்டி அதன்மேல் ஏறிக் குதித்தும் பார்த்துவிட்டாள். அவளுக்கு மட்டும் அது வாய் திறப்பதில்லை. “என்னை மட்டும் இதுக்குப் பிடிக்கலம்மா” என்று மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வாள்.

அந்தக் க்ர்ர், அந்த டக், இப்போது குட்டியின் அம்மாவுடைய ஹெட்போனுக்குள் கேட்டன. ரொட்டிக்கடைப் பெரியவரின் பேட்டிக்கு நடுவில்.

பெரியவர் வீட்டுத் தரை சிமெண்ட்.

அவள் கம்ப்யூட்டரில் ஓடிய பதிவை நிறுத்தினாள். வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. வரலாற்றுச் சங்கத்தின் அறை முழுக்கப் பழைய செய்தித்தாளும் ஈரச் சுண்ணாம்பும் கலந்த வாசனை; அடுத்த கூடத்தில் தையல்காரி அக்காவின் மிஷின் கடகடவென்று ஓடி, நின்று, மறுபடி ஓடியது. விழாவுக்கு நாள் நெருங்கிவிட்டது. ‘ஊரின் குரல்’ என்று பேர் வைத்திருந்தார்கள். கறுப்புத் துணியால் மறைத்த சின்னச் சின்னத் தடுப்புகள். உள்ளே ஒரு நாற்காலி, ஒரு ஹெட்போன். உட்கார்ந்தால் ஊரின் மூத்தவர் ஒருவர் காதோடு காதாகப் பேசுவார். அந்தப் பேச்சையெல்லாம் வீடு வீடாகப் போய்ப் பதிவு செய்தது, வெட்டி ஒட்டிச் சீராக்கியது எல்லாம் அவள்தான். பகலில் பல் ஆஸ்பத்திரியின் முன்மேசையில் வேலை. மாலையில் சங்கம். சங்கத்தில் அவளுக்குப் பேரே ‘காது’தான்.

பேர் வைத்தவர் சங்கத் தலைவர். மருந்துக்கடை வைத்திருக்கிறார், எதையும் மாத்திரைக் கணக்கில்தான் பேசுவார்.

“என்ன காது, மூஞ்சி வெளிறிப் போயிருக்கு? சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?” என்றார், கதவருகே நின்று.

“ஒண்ணுமில்ல சார். ஒரு சத்தம். எங்க வீட்டுச் சத்தம் மாதிரி இருந்துச்சு.”

“உங்க வீட்டுச் சத்தம் இங்க எப்படி வரும்?”

எப்படி வந்தது என்று அவளுக்குத் தெரியும்.

பதிவு வேலையில் ஒரு விதி உண்டு. பேட்டி முடிந்ததும் எழுந்துவிடக் கூடாது. ரெக்கார்டரை அணைக்காமல், யாரும் பேசாமல், அசையாமல், ஒரு நிமிடம் அப்படியே உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த அறையின் அமைதியைப் பதிவு செய்ய. பிறகு இருமலையும் செருமலையும் வெட்டி எடுக்கும்போது பேச்சில் விழுகிற பள்ளங்களை அந்த அமைதியை வைத்துத்தான் நிரப்புவார்கள். நிரப்பாமல் விட்டால், பேசுகிறவர் திடீரென்று கிணற்றுக்குள் விழுந்து மேலே வந்தது போலக் கேட்கும். எந்த வீட்டுப் பேச்சோ அந்த வீட்டு அமைதி. மாற்றிப் போடக் கூடாது. ஒவ்வோர் அறையும் ஒவ்வொரு விதமாகச் சும்மா இருக்கும் என்று, அவர்களுக்குப் பயிற்சி கொடுத்த வானொலிக்காரர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

“அசையாம இருங்க, ஒரு நிமிஷம்தான்.” ரொட்டிக்கடைப் பெரியவரிடம் அவள் அப்படித்தான் சொன்னாள். அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் அவள் முழங்கையைத் தட்டி, “ஏம்மா, தூங்கிட்டியா?” என்றார். தபால்காரர் வீட்டில் அந்த நிமிடம் தொடங்கியதுமே, “பேச்சு முடிஞ்சா அந்த சிலிண்டரைக் கொஞ்சம் மாத்துங்க” என்று உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. பால்வண்டிக்காரருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அதற்கப்புறம் போன வீடுகளில் அவள் கேட்கவே இல்லை. எல்லா இடத்திலும் ஓர் அவசரம். வீட்டில் குட்டி காத்திருப்பாள் என்ற நினைப்பு.

வெட்ட உட்கார்ந்தபோதுதான் கையைப் பிசைந்தாள். எந்த வீட்டு அமைதியும் கையில் இல்லை. திரும்பிப் போய் ஒவ்வொரு கதவையும் தட்டி, ‘சும்மா உட்காருங்கள்’ என்று சொல்லவா முடியும்? ஒரு ஞாயிறு மதியம், மாடியில் குட்டி தூங்கிக்கொண்டிருந்தபோது, ஜன்னல் திட்டில் ரெக்கார்டரை வைத்து, ஓட விட்டு, கதவைச் சாத்திக்கொண்டு கீழே இறங்கிவிட்டாள். அந்த ஒரே அமைதியை எடுத்து எல்லோருடைய பேச்சிலும் இருந்த எல்லாப் பள்ளங்களிலும் போட்டு நிரப்பினாள். நன்றாகவே பொருந்தியது. யாருக்குத் தெரியப் போகிறது?

ஆக, அந்தப் பலகை பேசியதில் அதிசயம் இல்லை. அது அவள் வீட்டு அறையின் அமைதி.

ஆனால் அறையில் குட்டியைத் தவிர யாரும் இல்லையே.

தலைவர் போனதும் அவள் மூலப் பதிவைத் திறந்தாள். கதவு சாத்தும் சத்தம். படியில் இறங்கும் அவள் செருப்பு, தட், தட், தேய்ந்து தேய்ந்து மறைந்தது. பிறகு அறை. தூரத்தில் ஒரு வண்டியின் ஹாரன். ஜன்னல் கண்ணாடியின் மெல்லிய அதிர்வு. எல்லாவற்றுக்கும் அடியில், நூல் போலக் குட்டியின் மூச்சு.

க்ர்ர்.

டக்.

அவள் கீழே இறங்கிய பிறகு.

அன்றைக்கு வீட்டில் வேறு யாரும் இல்லை. வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறவர்; சரக்கு ஏற்றிக்கொண்டு போனால் வாரக்கணக்கில் திரும்ப மாட்டார். நாத்தனார் துணிக்கடை வேலைக்குப் போயிருந்தாள். அவள் மட்டும் மாடிப்படியின் கடைசிப் படியில் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். அவளைத் தாண்டாமல் யாரும் மேலே போயிருக்க முடியாது.

மரம்தானே. வெயிலுக்கு விரியும், மழைக்கு உப்பும், தானாகவே முனகும். தனக்குத்தானே அப்படிச் சொல்லிக்கொண்டு தபால்காரரின் பேட்டியைத் திறந்தாள். அதிலும் அதே துண்டைத்தான் வெட்டிப் போட்டிருந்தாள். அதே க்ர்ர், அதே டக் வர வேண்டும். வந்தது. அதற்குப் பின்னால் இன்னொன்றும் வந்தது. வெறுங்கால் மரத்தில் ஒட்டிப் பிரிகிற, ஈரமான, மெல்லிய சத்தம். ஒரு தடவை. இன்னொரு தடவை.

அதே துண்டு. ஆனால் இதில் அது அலமாரியைத் தாண்டிவிட்டிருந்தது.

“அக்கா,” என்று கூப்பிட்டாள். குரல் அவளுடையது போலவே இல்லை. “கொஞ்சம் இங்க வாங்களேன்.”

தையல்காரி அக்கா வாயில் ஊசியோடு வந்தார். ஊசியை எடுத்துச் சேலைத் தலைப்பில் குத்திக்கொண்டு, “எதுக்கு? எனக்கு இந்தக் கருவியெல்லாம் ஒத்து வராது. காது அரிக்கும்” என்றார். ஆனாலும் ஹெட்போனை வாங்கி மாட்டிக்கொண்டார். அவள் மூலப் பதிவை ஓட விட்டாள். அக்கா தலையைச் சாய்த்துக் கேட்டார். கேட்டுக்கொண்டே இருந்தார்.

“மரச் சத்தம் ஏதாவது கேக்குதா அக்கா?”

“மரமா? அதெல்லாம் இல்ல.” அக்கா ஹெட்போனைக் கழற்றினார். “குழந்தைக்குச் சளியா?”

“இல்லையே. ஏன்?”

“மூச்சு இந்த இழு இழுக்குதே. நெஞ்சு அடைச்ச மாதிரி. தலைவர்கிட்ட ஒரு மருந்து கேட்டு வாங்கிக் கொடு. அந்தாளு கடையில இருக்கிறதுலயே விலை கூடினதாப் பார்த்துத்தான் கொடுப்பாரு, அது வேற விஷயம்.”

மிஷின் மறுபடி கடகடக்கத் தொடங்கியது. அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். குட்டிக்குச் சளி இல்லை. அன்றைக்கும் இல்லை. குட்டியின் மூச்சு நூல் போல இருக்கும். அது அவளுக்குத் தூக்கத்திலும் தெரியும்.

வீட்டுக்குப் போனபோது நாத்தனார் குட்டிக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். சமையலறையில் குக்கர் விசில் அடித்தது. எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன: வாசலில் குட்டியின் ஒற்றை ஷூ, சுவரில் அவள் கிறுக்கிய பூனை, நாற்காலியில் மடிக்காத துணி. அவளுக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. துணியை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். கதவைத் திறந்தாள். அறை சும்மா இருந்தது.

ரொம்பவும் சும்மா இருந்தது. பேசிக்கொண்டிருந்தவர்கள் இவளைக் கண்டதும் வாயை மூடிக்கொண்டது போல.

அவள் வேண்டுமென்றே அந்தப் பலகையில் கால் வைத்தாள். க்ர்ர். எடுத்தாள். டக். அலமாரியைத் திறந்தாள்: சட்டைகள், கம்பளி, நாப்தலீன் உருண்டை வாசனை. சாத்தினாள். அந்த வாசனைக்கு அடியில் இன்னொரு வாசனை இருந்தது. ரொம்ப நாள் மூடிக் கிடந்த வாயைத் திறந்தால் வருமே, அது. பல் ஆஸ்பத்திரியில் தினமும் முகர்கிற வாசனைதான். என் உடுப்பிலேயே ஒட்டிக்கொண்டு வந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

படுக்க வைக்கும்போது மெதுவாகக் கேட்டாள். “குட்டி, அன்னைக்கு மதியம் அம்மா ஜன்னல்ல மிஷினை வச்சேனே, அப்போ நல்லாத் தூங்கினியா?”

“தூங்கலையே. சும்மா கண்ணை மூடிட்டிருந்தேன்.”

“ஏன்டி?”

“நீதானே அசையக் கூடாதுன்னு சொன்னே.”

அவள் கை குட்டியின் நெற்றியிலேயே நின்றுவிட்டது. “நான் எப்போ சொன்னேன்?”

“கட்டில்கிட்ட வந்து நின்னு சொன்னியே. அசையாம இரு, ஒரு நிமிஷம்தான்னு.” குட்டி கொட்டாவி விட்டாள். “நான் அசையவே இல்லம்மா. நீ என் கையைப் பிடிச்சப்பகூட அசையல. உன் கை ஜில்லுன்னு இருந்துச்சு.”

அன்று இரவு குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து கீழே கூடத்து சோபாவில் தன்னோடு படுக்க வைத்துக்கொண்டாள். “மேல கொசு” என்று நாத்தனாரிடம் சொன்னாள். விடிகிறவரை கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். மேலே ஒரு சத்தமும் இல்லை. அதுதான் அவளைத் தூங்கவிடவில்லை.

மறுநாள் தலைவரிடம் உண்மையைச் சொன்னாள். விதியை மீறியதை, ஒரே அமைதியை எல்லாவற்றிலும் போட்டதை. எல்லாவற்றையும் எடுத்துவிட்டு வேறு போட வேண்டும் என்றாள். அவர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி அவளைப் பார்த்தார்.

“நாளைக்கு விழா. பேட்டி ஏத்தின பெட்டியெல்லாம் மாட்டி டேப் போட்டு ஒட்டியாச்சு. அந்தச் சின்ன இடைவெளியை எவன் கவனிக்கப் போறான்? ஜனங்க பேச்சைக் கேக்க வர்றாங்க. பேசாததைக் கேக்கவா வர்றாங்க?”

“அதுல ஏதோ இருக்கு சார்.”

“என்ன இருக்கு?”

சொல்ல வாயெடுத்தாள். விழா விளக்குக்காகக் கழற்றிய ஃப்யூஸ் கட்டையைப் பிடித்துக்கொண்டு அவர் காத்திருந்தார். பகல் வெளிச்சத்தில், மருந்து வாசனை அடிக்கிற அந்தச் சட்டைக்கு முன்னால், அது வார்த்தைக்கு வரவில்லை. “ஒண்ணுமில்ல” என்றாள்.

“வேலைச் சுமை. விழா முடிஞ்சதும் ஒரு வாரம் நல்லாத் தூங்கு. காலை ஒண்ணு, ராத்திரி ஒண்ணு.” சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

கம்ப்யூட்டரில் இருந்த மூலப் பதிவை அழித்தாள். ரெக்கார்டரில் இருந்ததையும் அழித்தாள். அந்த ரெக்கார்டரை வீட்டுக்கே கொண்டுபோகாமல் சங்கத்து அலமாரியில் வைத்துப் பூட்டினாள். சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டபோது பெரிய பாரம் இறங்கியது போலிருந்தது.

விழா அன்று நினைத்ததைவிட நல்ல கூட்டம். மாலை மங்கும்போதே கூடம் நிரம்பிவிட்டது. குடைகள் வாசலில் குவிந்து தண்ணீர் வடித்தன. “என்னக்கா, துணிக்கடையில போட்டுப் பார்க்கிற ரூம் மாதிரி இருக்கு” என்று யாரோ தையல்காரி அக்காவைச் சீண்ட, “அளவு சரியா இருக்கான்னு உள்ள போய்ப் பாரு” என்று அவர் திருப்பிக் கொடுத்தார். ரொட்டிக்கடைப் பெரியவர் தன் குரலைத் தானே கேட்டுவிட்டு, “நான் இவ்வளவு பேசுவேனா?” என்று எல்லோரிடமும் கேட்டுக்கொண்டிருந்தார். அவளும் சிரித்தாள். நாத்தனாரிடம் கிளம்பும்போதே சொல்லிவிட்டு வந்திருந்தாள்: குட்டி கீழேயே இருக்கட்டும். தூக்கம் வந்தால் சோபா. மாடி வேண்டாம்.

தபால்காரர் தடுப்பிலிருந்து ஒரு பெண் வெளியே வந்தாள். நடுத்தர வயது, கையில் ஈரக் குடை.

“நீங்கதான் பதிவு செஞ்சீங்களாம். அருமையா இருக்கு. நடுவுல யாரோ நடக்கிற சத்தம் மட்டும் இல்லாம இருந்திருக்கலாம்.”

“அது... பழைய வீடு.”

“அந்த ஓரத்துல இருக்கிற அம்மா பேட்டியில மட்டும் அது இல்ல. அது சுத்தமா இருக்கு.” அந்தப் பெண் புன்னகைத்துவிட்டுப் போனாள்.

ஓரத் தடுப்பில் இருந்தது ஓய்வு பெற்ற நர்ஸ் அம்மாவின் குரல். பாதி ஊருக்குப் பிரசவம் பார்த்தவர். அதிலும் அவள் அதே அமைதியைத்தான் போட்டிருந்தாள். அதில் மட்டும் எப்படிச் சத்தம் இருக்காது?

கேட்காமல் இருந்திருக்கலாம். கால் தானாகப் போனது.

வரிசையாகப் போனாள். முதலில் ரொட்டிக்கடைக்காரர். கறுப்புத் துணி பின்னால் விழுந்ததும் கூட்டத்தின் சத்தம் அமுங்கியது. அடுப்புச் சூட்டைப் பற்றி அவர் பேசினார், நிறுத்தினார். க்ர்ர். டக். அலமாரிக்கு முன்னால்.

தபால்காரர். சைக்கிள் மணியைப் பற்றிச் சொல்லிச் சிரித்தார், நிறுத்தினார். வெறுங்கால். ஒன்று. இன்னொன்று. அறையின் நடுவில்.

பால்வண்டிக்காரர். பனிக்காலத்து விடியலைச் சொன்னார். நிறுத்தினார். கட்டில் கம்பி முனகியது. யாரோ விளிம்பில் உட்கார்கிற முனகல். நெஞ்சை அடைத்துக்கொண்டு ஒரு மூச்சு உள்ளே போனது. வெளியே வரவில்லை. அதன் பின்னால், வெகு அருகே, நாக்கு உதட்டிலிருந்து பிரிகிற சத்தம். பேச வாயெடுப்பதற்கு முன்னால் வரும் சத்தம். அவளுக்குத் தெரிந்த சத்தம்தான். பேட்டிகளில் தன்னுடைய அதே சத்தத்தை எத்தனை தடவை வெட்டி எறிந்திருக்கிறாள்.

நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். ஓரத் தடுப்பு. துணி. இருட்டு. ஹெட்போனின் பஞ்சு யாரோ ஒருவரின் காதுச் சூட்டோடு இருந்தது.

நர்ஸ் அம்மா பேசினார். மெழுகுவத்தி வெளிச்சத்தில் பிறந்த இரட்டைக் குழந்தைகளைப் பற்றி. நிறுத்தினார்.

ஒன்றுமில்லை.

கால் இல்லை. கட்டில் இல்லை. அந்த அடைத்த மூச்சும் இல்லை. ஜன்னல் கண்ணாடி மட்டும் லேசாக அதிர்ந்தது. அந்தப் பெண் சொன்னது சரிதான். சுத்தமாக இருந்தது. பாரம் இறங்க, அவள் கண்ணை மூடினாள். போய்விட்டது. அழித்ததும் போய்விட்டது.

பிறகுதான் இன்னொன்று உறைத்தது.

நூல் போன்ற அந்த மூச்சும் இல்லை.

யாருமே இல்லாத அறையின் அமைதி அது. அதில் இருந்தது கிளம்பிவிட்டது. கிளம்பும்போது வெறுங்கையோடு கிளம்பவில்லை.

கறுப்புத் துணியைப் பிய்க்காத குறையாக விலக்கிக்கொண்டு வெளியே வந்து போனை எடுத்தாள். எண் தப்பியது. மறுபடி அழுத்தினாள். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது.

“சொல்லுங்க அண்ணி.” நாத்தனார். பின்னால் குழாயில் தண்ணீர் விழும் சத்தம்.

“குட்டி எங்க?”

“மாடியிலதான்.”

“கீழ படுக்க வைன்னு சொன்னேனே.”

“சோபாவுலதான் படுத்திருந்தா. நீங்க கூப்பிட்டதும் எழுந்து ஓடிட்டா.” தண்ணீர் நின்றது. “அண்ணி, நீங்க எதுக்கு மாடியிலேருந்து போன் பண்றீங்க?”

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

“நீங்க வந்ததை நான் பார்க்கல, பாத்திரம் தேய்ச்சிட்டிருந்தேன். மேல நடக்கிற சத்தம் கேட்டுச்சு. அந்தப் பலகைதான் காட்டிக் கொடுத்துருமே.” நாத்தனார் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. “அண்ணி? அங்க ஏன் அவ்வளவு கூட்டச் சத்தம் கேக்குது?”

“மேல போ. அவளைத் தூக்கிட்டு வெளிய வா. இப்பவே.”

போனில் படி ஏறும் சத்தம் கேட்டது. தட். தட். நாத்தனாரின் மூச்சு. கதவின் பிடி திரும்பியது. அப்புறம் நாத்தனாரின் குரல், நிம்மதியோடு, போனை விட்டுத் தள்ளி, வேறு யாரிடமோ:

“இங்கதான் இருக்கீங்களா? நான் பயந்தே போயிட்டேன் அண்ணி.”

இணைப்பு அறுந்தது.

அவள் ஓடினாள். “காது, எங்க ஓடற, பரிசு கொடுக்கணும்” என்று தலைவர் பின்னாலிருந்து கூப்பிட்டது கேட்டது. மழை. செருப்பு வழுக்கியது. உதறி எறிந்துவிட்டு ஓடினாள். தெருமுனை. பூட்டிய கடைகள். விளக்குக் கம்பம் ஒன்றன்பின் ஒன்றாக அவள் நிழலை முன்னால் தள்ளி, பின்னால் இழுத்தது. வீடு. விளக்கு எரிந்தது. கதவு திறந்திருந்தது.

சமையலறையில் பாதி தேய்த்த பாத்திரம். சோப்பு நுரை இன்னும் அடங்கவில்லை. சோபாவில் குட்டியின் போர்வை, உள்ளே ஆள் இருப்பது போலக் குழிந்து. படியின் அடியில் நாத்தனார் உட்கார்ந்திருந்தாள். கடைசிப் படியில். முதுகு நிமிர்ந்து. கை இரண்டும் மடியில். கண் திறந்திருந்தது, இமைக்கவில்லை.

“என்ன ஆச்சு? ஏய். குட்டி எங்க?”

நாத்தனாரின் உதடு மட்டும் அசைந்தது. சத்தம் வரவில்லை. பல் ஆஸ்பத்திரியில் ஊசி போட்டபின் மரத்த வாயால் பேச முயல்கிறவர்களை அவள் பார்த்திருக்கிறாள். உதட்டைப் படித்தாள். ஒரு நிமிஷம்தான். ஒரு நிமிஷம்தான்.

அவளைத் தாண்டி மேலே ஏறினாள். வெறுங்கால். ஈரம். ஒவ்வொரு படியிலும் ஒட்டிப் பிரிந்தது.

அந்தச் சத்தம். ஹெட்போனில் கேட்ட அதே சத்தம்.

கதவைத் தள்ளினாள்.

அறையில் விளக்கு இல்லை. தெருவிளக்கின் வெளிச்சம் ஜன்னல் வழியே கட்டில்மேல் சாய்ந்து கிடந்தது. குட்டி மல்லாந்து படுத்திருந்தாள். கண்ணை இறுக்கி மூடியிருந்தாள். விளையாட்டில் ஒளிந்துகொள்ளும்போது மூடுவது போல. நெஞ்சு ஏறி இறங்கியது. நூல் போல.

உயிரோடு இருக்கிறாள்.

ஜன்னல் திட்டில் ஒரு சிவப்புப் புள்ளி எரிந்தது. ரெக்கார்டர். சங்கத்து அலமாரியின் சாவி அவள் கைப்பையில் இருந்தது.

“அம்மா,” என்றாள் குட்டி, கண்ணைத் திறக்காமல், ரகசியமாக. “நீ ஏன் ரெண்டு இடத்துலேருந்து மூச்சு விடற?”

அவள் மூச்சை அடக்கிக்கொண்டாள்.

மூச்சு கேட்டது. அடைத்துக்கொண்டு, இழுத்து, கட்டிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து.

குட்டியின் வலது கை போர்வைக்கு வெளியே, ஜன்னல் பக்கம் நீண்டிருந்தது. தொங்கவில்லை. தாழவில்லை. ஒன்றுமில்லாத இடத்தில் உயர்ந்து நின்றது. விரல்கள் மடங்கியிருந்தன. தெருவைக் கடக்கும்போது அம்மாவின் விரலைப் பிடித்துக்கொள்வாளே, அப்படி.

“குட்டி,” என்று கூப்பிட அவள் வாயெடுத்தாள். நாக்கு உதட்டிலிருந்து பிரிந்தது. அந்தச் சின்னச் சத்தம்.

அதற்குள் அவள் குரலே, அவளுடைய அதே குரலே, கட்டிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து மெதுவாகச் சொன்னது.

“அசையாம இரு. ஒரு நிமிஷம்தான்.”

குட்டியின் முகம் இளகியது. புன்னகைத்தாள். மடங்கிய விரல்கள் இன்னும் கொஞ்சம் இறுகின.

அவளுக்குப் பின்னால் கதவு மெல்லச் சாத்திக்கொண்டது. படியில் யாரோ செருப்போடு இறங்கும் சத்தம் கேட்டது, பதிவில் கேட்டது போலவே, தட், தட், தேய்ந்து தேய்ந்து. அவள் திரும்ப நினைத்தாள். கழுத்து திரும்பவில்லை. கால் எழவில்லை. ஜன்னல் கண்ணாடி லேசாக அதிர்ந்தது. சிவப்புப் புள்ளி எரிந்தது. கட்டிலில் குட்டியின் கை மெதுவாக, இன்னும் மேலே, யாரோ எழுந்து நிற்கிற உயரத்துக்கு, உயர்ந்துகொண்டே போனது.